விழாமல் இருக்க ஒரு விண்ணப்பம்

வேலி போட, குழி தோண்டும் அலவாங்கும் கம்பி முறுக்கும் குறடும் இரண்டு கையும் போதும். அதற்கு அனுமதி வாங்கத்தான் இன்னொரு ஆயுள் வேண்டும். நுவரெலியாவில் இருபது வருடமாக வேலி போடுகிறேன். இங்கே கைவேலை தெரிந்தவனை எல்லோரும் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான். ஒரு கையெழுத்துக்காக நாள் வேலையை விட்டுவிட்டு அலுவலக வாங்கில் உட்கார்ந்து பழகியவரா நீங்கள்? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

முள் இல்லாத வேலி

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் இருக்கிற வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று சொல்லி, வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குள் யாரும் அனுமதி இல்லாமல் வேலி போடக் கூடாது. பங்களாக்களுக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான லயம் ஒன்றும் அந்தக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அந்த லயத்தின் தகரம் ஒழுகுவதைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. அதன் தோற்றத்தைப் பாதுகாக்க மட்டும் ஓடி வந்துவிட்டார்கள்.

லயத்தின் கடைசி வீடு சிவபாக்கியத்துடையது. கொழுந்து எடுக்கிறவர். கணவர் ராமையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற வேலையில் இருந்தவர். குச்சி தெறித்து ஒரு கண் போனது. சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் மற்றதையும் கொண்டுபோய்விட்டது. அவர்கள் வீட்டுக் கக்கூஸ் வெளியே, காய்கறிப் பாத்தியைத் தாண்டி இருக்கிறது. சமையல் நடக்கும் குசினியின் கதவிலிருந்து பதினெட்டு எட்டு நடை. நடக்கிற பாதைக்கு இடது பக்கம் மண் சரியாமல் கட்டிய பழைய கல் அணை, அதற்குக் கீழே பத்தடிப் பள்ளம், பள்ளத்தில் ரோடு. மனைவி கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க மனிதர் தனி.

அணை ஓரமாக வேலி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் பழக்க தோஷத்தில் முள்ளுக்கம்பிக்கு அளவு எடுக்க ஆரம்பித்தேன். சிவபாக்கியம் என் கையிலிருந்த நாடாவைப் பிடித்து நிறுத்தினார்.

“முள்ளு வேணாங்க பாஸ். மேல வழவழன்னு ஒரு பைப்பு போட்டுக் குடுங்க. அவரு கையால பாக்குற மனுசன்.”

படி இருக்கா?

படிவத்தில் ‘வேலி எதற்கு’ என்று ஒரு கட்டம் இருந்தது. கண் தெரியாதவர் பிடித்துக்கொண்டு நடக்க என்று எழுதினேன். உண்மையை எழுதியதுதான் நான் செய்த முதல் தப்பு. அனுமதி அலுவலகத்தின் வேலிப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் அதைப் படித்துவிட்டு, பிடித்துக்கொண்டு நடப்பதென்றால் அது வேலி அல்ல, கைப்பிடி. பக்கத்து அறைக்குக் கொண்டுபோங்கள் என்றார். பக்கத்து அறையில் ஒரு மிஸ் இருந்தார். கைப்பிடி என்றால் படிக்கட்டு இருக்க வேண்டுமே, எத்தனை படி என்று கேட்டார். படி இல்லை, சமதரை என்றேன். அப்படியானால் இது வேலிதான், முந்தின அறைக்கே போங்கள் என்றார்.

ஒரு காலைப்பொழுதில் இரண்டு அறைக்கும் நடுவில் ஐந்து தடவை நடந்தேன். எனக்குக் கண் தெரியும், பிடிக்கச் சுவரும் இருந்தது, ஆகவே விழவில்லை. மிஸ்ஸுக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது. சிரித்த முகத்தோடு சிங்களத்தில் ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். அதைத் தமிழில் சொல்கிறேன்.

“முதல்ல ஒரு படிக்கட்டு கட்டிட்டு வாங்க, கைப்பிடிக்கு நான் அன்றைக்கே கையெழுத்து போட்டுத் தாறேன்.”

ஏழடிப் பலகை

அதே மாதம் லயத்துக்கு நேர் மேலே இருக்கிற பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அது இப்போது ஹோட்டல். புல்தரையின் ஓரம் முழுவதும் ஏழடி உயரத்துக்குப் பலகை வேலி வேண்டும் என்றார்கள். அனுமதி இருக்கிறதா என்றேன். மடிப்புக் கலையாத கடிதத்தை எடுத்து நீட்டினார் மேனேஜர். கேட்ட வாரத்திலேயே கிடைத்ததாம். அதே அலுவலகம், அதே கோடு, அதே முத்திரை. இடுப்பளவுப் பைப் ஒன்றுக்கு அறை அறையாக நடக்க வேண்டுமாம், ஏழடிப் பலகைக்கு ஒரு வாரம் போதுமாம்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்தான் அந்த வேலியைப் போட்டேன். ஒவ்வொரு பலகையாக அடிக்க அடிக்க, கீழே சிவபாக்கியத்தின் வீட்டுக் கொல்லை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு ஆணி வளைந்தது. எதற்காக இவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு மேனேஜர் மறைக்காமல் சொன்னார்.

“கீழ கக்கூஸ் வரிசையைப் பார்த்துக்கிட்டு கெஸ்ட் எப்படி பாஸ் டீ குடிப்பாங்க?”

சேறு படாத சப்பாத்து

கடைசியில் வேலி என்றே திருத்திக் கொடுத்த விண்ணப்பத்துக்கு, மூன்று மாதம் கழித்து இடம் பார்க்க அதிகாரி வந்தார். பைல் கையில், குடை பியூனின் கையில். பாதை சேறாக இருந்தது. அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், ரோட்டிலேயே நின்றுவிட்டார். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தபடியே அபிப்பிராயத்தையும் சொன்னார். இந்தக் கல் அணை நூறு வருடம் பழையதாம். வேலி போட்டால் அதன் அழகு குறையுமாம்.

பதினெட்டு எட்டு நடந்து பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அடுத்த அனுமதிக்கும் இவரிடமே போக வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ராமையா குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, மரியாதையாகத்தான் பேசினார்.

“அந்தக் கல்லு எங்க தாத்தாமாரு அடுக்குனதுங்க சார். அத நான் மறைக்க மாட்டேன். அதுல இருந்து விழாம இருக்கத்தான் கேக்குறேன்.”

நாலு பக்கம்

விழுந்தார். பகல் பதினொரு மணிக்கு, மழையில். சிவபாக்கியம் மலையில் இருந்தார். ரோட்டில் போன ஆட்டோக்காரர்தான் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். ஒன்றும் இல்லையாம். அவர் உலகத்தைப் பார்க்கிற கை அது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் அலுவலகக் கடிதமும் வந்திருந்தது. சிங்களத்தில் இருந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார் சிவபாக்கியம். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. இடத்தின் புகைப்படங்களை நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்து இணைக்கவும். இவ்வளவுதான் கடிதம். பத்தடி உயரத்திலிருந்து விழுந்த மனிதன் பக்கத்தில் கட்டிலில் கிடக்கிறான், இவர்களுக்குப் படம் வேண்டுமாம். சிவபாக்கியம் அழவில்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

“எடுங்க பாஸ். அவரு விழுந்து கெடந்த பக்கத்தையும் சேத்து எடுங்க.”

கொடி

மறுநாள் நான் யாரிடமும் கேட்கவில்லை. கல் அணை ஓரமாக ஆறு இரும்புக் கால் நட்டு, மேலே வழவழவென்று பைப்பை வைத்துப் பற்றவைத்தேன். சட்டத்தில் வேலிக்கு அனுமதி வேண்டும், கைப்பிடிக்கு வேண்டும், பறவைக் கூண்டுக்குக்கூட வேண்டும். துணி காயப்போடுகிற கொடிக்கு வேண்டாம். லயத்துப் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணிகளை எல்லாம் நனைத்துக் கொண்டுவந்து அந்தப் பைப்பில் போட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஹோட்டலிலிருந்து ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. நான் அடித்த ஏழடிப் பலகை மறைத்துவிட்டது. பாவ வேலிக்கும் ஒரு பயன்.

ராமையா கட்டுப் போட்ட கையோடு வந்தார். போகும்போது பைப் இடது பக்கம், பிடித்துக்கொண்டு போகிறார். வரும்போது அது வலது பக்கம் வந்துவிடும், அந்தக் கையில்தான் கட்டு இருக்கிறதே. அதனால் அதே இடது கையால் பிடித்தபடி, பதினெட்டு எட்டும் பின்புறமாகவே நடந்து வருகிறார்.

புகைப்படம் வரவில்லை என்று அதிகாரியே தேடி வந்தார். இந்தத் தடவை சேற்றில் இறங்கினார். என்ன இது என்றார். கொடி என்றேன். இடுப்பு உயரத்தில் எவன் கொடி கட்டுவான் என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ராமையா முந்திக்கொண்டார். “கண்ணு தெரியாதவன் துணி காயப்போடுற கொடிங்க சார். ஒசத்திக் கட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?” அதிகாரி அவருடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், ஈரப் படங்குகளைப் பார்த்தார், பைலில் எதையோ எழுதிக்கொண்டு, பைப்பைக் கழற்றச் சொல்லாமலே போய்விட்டார். பக்கத்து வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவபாக்கியம் சிரிக்கவில்லை.

“ஒரு மனுசன் கக்கூசுக்குப் போய் வர எத்தன பொய்யி சொல்ல வேண்டியிருக்கு பாஸ்.”

இருபது வருடம் வேலி போட்டதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: இந்த ஊரில் விழாமல் இருக்கத்தான் அனுமதி வேண்டும், விழுவதற்கு ஒருவரிடமும் கேட்க வேண்டியதில்லை.