அழித்த எழுத்தும் தெரிந்த அறை

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். விதி எழுதுகிறவர்களுக்காகக் கருத்துக் கேட்க வந்த மேடம். கம்ப்யூட்டர் மாட்டிய பாலு. வயதான பிறகு காது போன கிளார்க் ஐயா ஒருவர். பிறவியிலேயே காது கேளாத எஸ்தர், ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளைப் போலவே காது கேளாத என் மனைவி விமலா. அப்புறம் நான். காது கேட்கும், படிப்பு ஐந்தாவது, ஓட்டுவது ஷேர் ஆட்டோ.

நேற்று காலை போனில் மூன்று புள்ளி ஆடியதும் அந்த அறை நினைவுக்கு வந்துவிட்டது. மகள் ஏதோ டைப் செய்கிறாள் என்று அர்த்தம். அவளுக்கும் காது கேட்காது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். "நல்லாக்கீறியாமா?" என்று கேட்டிருந்தேன். புள்ளி ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

ஏனாத்தூர் காலேஜில் அந்த அறை. புது ஒயர் வாசனை, கூடவே பாலு கொண்டுவந்த புளிசாத வாசனை. எனக்கு இன்றும் கம்ப்யூட்டர் என்றால் புளிசாதம்தான். விமலா வயிற்றில் அப்போது இந்த மகள், ஆறு மாதம்.

மேடம் பேசப் பேச பாலு அடிக்க, அது சுவரில் எழுத்தாகவும் வந்தது. "மெசேஜ முடிச்சு அனுப்புற வரைக்கும் எதிர்ல இருக்கறவங்க காத்துக்கிட்டே இருக்கணும். பேச்சு அப்படியா இருக்குது? அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தும் அங்க தெரியணும். அதுக்குத்தான் எல்லா போனுக்கும் பொதுவா விதி எழுதுறாங்க. நம்ம ஊர்க்காரங்க என்ன சொல்றாங்கன்னு நான் அனுப்பணும்."

ஒரு கேள்விதான் பாக்கி. அடித்ததை அழித்தால், அழித்ததும் எதிரில் இருப்பவருக்குத் தெரியலாமா?

கிளார்க் ஐயா எதையும் சத்தமாகத்தான் சொல்வார். "நான் எழுதி அழிக்கிறது என் சொந்த விஷயம்மா." நானும் அவர் பக்கம் கை தூக்கினேன். ஒற்றை விரலில் தேடித் தேடி, பேன் பார்க்கிற மாதிரி அடிப்பவன் நான். அதை நாலு பேர் பார்க்க எதற்கு. எஸ்தரும் விமலாவும் தெரியட்டும் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு.

"மொதல்ல பேசிப் பாருங்க," என்று விமலாவை ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கமும் என்னை இந்தப் பக்கமும் உட்காரவைத்தார் மேடம்.

அவள் அடித்தது என் திரையில் எழுத்தெழுத்தாக வந்தது. "அன்னிக்கி டாக்டர் இன்னா சொன்னாரு?"

வீட்டில் இதைப் பல முறை கேட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றேன். காது கேட்கிறவர்கள் அவளுக்கு ஆயுசு பூரா சொன்னது அதுதான். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பார்கள்.

"புள்ளைக்கும் காது கேக்காம பூடலாம்" என்று அடித்துவிட்டேன். அனுப்புகிற பொத்தானை இன்னும் அமுக்கவில்லையே என்ற தைரியம். அங்கே அந்தப் பொத்தானே கிடையாது என்பதை மறந்துபோனேன். ஒவ்வொன்றாக அழித்தேன். "ஒண்ணுமில்ல" என்று அடித்தேன்.

அவள் பதில் வந்தது.

"எனுக்குந்தான் கேக்காது. செத்தா பூட்டேன்?"

நிறுத்தவில்லை. "உனுக்கு கேக்குதே. கேட்டு இன்னாத்த கிழிச்ச?"

அப்புறம், மெதுவாக: "இனிமே எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லாத."

பாலு எதையும் பார்க்காதவர் மாதிரி டிபன் பாக்ஸை மூடினார்.

மேடம் மறுபடி கை தூக்கச் சொன்னார். இந்த முறை விமலா பக்கம் தூக்கினேன். "இன்னாபா, கட்சி மாறிட்ட?" என்றார் கிளார்க் ஐயா. மூன்றுக்கு ஒன்று. மேடம் குறித்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு எங்கே போய்ச் சேர்ந்ததோ. அடிக்க அடிக்க எழுத்துத் தெரிகிற அந்த வசதியை மட்டும் எங்கள் இரண்டு போனிலும் பாலு போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம் அதில்தான் சண்டை, அதில்தான் சமாதானம். பிறகு போன் மாற்றினோம். புதுப் போனில் அது வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன், நான் சொல்வதே அவருக்கு விளங்கவில்லை. இப்போது எல்லோருக்கும் மூன்று புள்ளிதான். உள்ளே என்ன அடித்தார்கள், எதை அழித்தார்கள், தெரியாது.

நேற்றும் அப்படித்தான். நானும் விமலாவும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம். புள்ளி வந்து வந்து போய், கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஒண்ணுமில்லப்பா."

விமலா படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

சென்னை பஸ் ஏறினோம். டிக்கெட் இரண்டு.