சாம்பலில் கிடந்த ஊசி

நான் இலங்கையில் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருக்க வேண்டிய செல்வமணி வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“சட்டி அடிப்பிடிச்சிருச்சு மிஸ்ஸி. நம்ம ஊட்டுல இப்ப கேஸு. பக்கத்து ஊட்டு ராமையாண்ணன் அடுப்புல சாம்பல் அள்ளிட்டு வந்து தேச்சேன். உள்ள ஊசி கெடந்து குத்திருச்சு.”

காயத்தைப் பிதுக்க விடாமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இன்னொரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்களாம்.

ராமையா சுகருக்கு இன்சுலின் போடுகிறவர். போட்ட ஊசியை அடுப்பில் எறிந்தால் எரிந்துவிடும் என்று நம்பியிருந்தார். பிளாஸ்டிக் எரிந்தது. கம்பி சாம்பலோடு தங்கிவிட்டது. அதற்குள் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயம் முழுக்கப் பேச்சு பரவியது. அவருக்கு என்ன நோயோ என்று, பொதுப் பீலியில் அவர் தண்ணீர் பிடிக்க வந்தாலே பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

அடுத்த கிளினிக்கில் பார்த்தால் அவருக்குச் சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“ஊசிய நிப்பாட்டிட்டேன் மிஸ்ஸி. ஊசி இருந்தாத்தானே யாரையாச்சும் குத்தும்?”

எனக்கு வந்ததே கோபம். “நீங்க விழுந்து கெடந்தா அந்தப் பொம்பளைங்களா வந்து தூக்குவாங்க?” என்று கத்தினேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, இன்சுலினை வாங்காமலே போய்விட்டார்.

விடுவேனா? அன்று சாயந்தரமே பீலிக்குப் போனேன். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ராமையாவையும் கூப்பிட்டு நிறுத்தினேன்.

“சுகர் ஒட்டிக்கிற நோயில்ல. ஊசி போட்டதும் மூடியத் திரும்ப மாட்டாம, அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் போத்தல்ல போடணும். அடுப்புல, சாக்கடைக் கான்ல, தேயிலைச் செடிக்குள்ள எறியக்கூடாது. முக்கால்வாசி ஆனதும் இறுக்கி மூடி டிஸ்பென்சரிக்குக் கொண்டாங்க. மத்தத நான் பாத்துக்குறேன்.”

செல்வமணி வீட்டுக்குள் போய், கக்கூஸ் கழுவும் மருந்து தீர்ந்த போத்தலைக் கழுவி எடுத்து வந்தாள்.

“குத்துனது என் கைய. எனக்கே கோவமில்ல, மத்தவங்களுக்கு என்ன? இந்தாங்கண்ணே, நாளைக்கே மருந்த வாங்கி ஊசியப் போடுங்க.”

ராமையா வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இன்சுலினைக் கையில் கொடுக்கும்போதே, போட்ட ஊசியை எங்கே போடுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு ஓர் இடம் இல்லாவிட்டால் மருந்தே நின்றுபோகும்.

முதல் போத்தலை டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்தது செல்வமணிதான். என் காதருகே குலுக்கிக் காட்டினாள்.

“சத்தத்தக் கேளுங்க மிஸ்ஸி. அண்ணன் ஒரு நாளும் விடல.”