ஜெயம் அண்ணையின் ஆறு அங்குலம்

போன சனிக்கிழமை நான் ஒரு வாகனத்துக்கு அடியில் நின்றேன். படுக்கவில்லை... நிமிர்ந்து நின்றேன்! தலைக்கு மேலே ஏறக்குறைய மூன்று தொன் இரும்பு.

எனக்கும் வாகனங்களுக்கும் உள்ள பொருத்தம் உங்களுக்குத் தெரியும். என் காருக்கு எந்தப் பக்கம் பெற்றோல் மூடி என்று இறங்கிப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன், கராஜின் லிஃப்ட் தூக்கி வைத்திருந்த அந்த மலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மலை ஜெயம் அண்ணையுடையது. ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். கல்யாணம், சாமத்தியவீடு, திருவிழா — எங்கே சமையல் என்றாலும் அவருடைய சமையல் வண்டிதான் போகும். அடுப்பு, கிடாரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய அந்த வண்டியைக் கொழுவி இழுக்கவே இந்த அமெரிக்கப் பிக்கப்பை வாங்கினார். பெரிய பாரம் இழுக்கிற ரகம். பக்கத்தில் நிறுத்தினால் என் கார் அதன் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று... இழுப்பது பின்சில்லு இரண்டும் மட்டும்தான். முன்சில்லுகள் சும்மா கூட உருளும்.

இது ஒரு குறையா? இல்லவே இல்லை. ஆனால் ஜெயம் அண்ணை, ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் — தன் மனைவியின் தம்பியிடம் — "நாலு சில்லும் இழுக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார். ஏன்? மச்சானிடம் அப்படி ஒன்று நிற்கிறதாம். வேறு காரணம் வேண்டுமா என்ன? தூரதேசத்துச் சொந்தத்திடம் கொஞ்சம் கூட்டிச் சொல்லாதவர் நம்மில் யார்?

அந்தப் பொய் தன்பாட்டில் கிடந்திருக்கும். போன வருடம் ஊன்ட்றொப் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, மழையில் ஊறிய புல்வெளியில் வாகனம் புதைந்தது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். வீடியோ அன்றைக்கே ரொறன்ரோ போய்ச் சேர்ந்தது.

மச்சானுக்குப் பாசம் பொங்கிவிட்டது. அத்தானின் வாகனம் உயரம் குறைவு, அதனால்தான் புதைகிறது என்று தானாகவே முடிவு கட்டினார். வாகனத்தை ஆறு அங்குலம் உயர்த்துகிற 'கிட்' ஒன்றை, ஸ்பிரிங், ஷொக், தடித்த இரும்புகள் என்று நான்கு பெட்டிகளில் கப்பலேற்றிவிட்டார். கனடாவிலிருந்து வந்த பெட்டியைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம் குடும்பங்களில் உண்டா?

இன்னும் மூன்று வாரத்தில் மச்சான் குடும்பத்தோடு திருவிழாவுக்கு வருகிறார். கிட் பூட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டுக் கிளறினால் பழைய பொய் வெளிவந்து அண்ணையின் மானம் போகும். ஆகவே நாங்கள் கராஜில். என்னைக் கூட்டிப் போனது ஜெர்மன் கடதாசி வாசிக்க.

கராஜை நடத்துகிறவள் கவிதா. இங்கே பிறந்த பிள்ளை. வாகனத் திருத்தத்தில் மைஸ்டர் பட்டம் எடுத்தவள். பெட்டியைத் திறந்தாள். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"அங்கிள், இது நாலு சில்லும் இழுக்கிற மொடலுக்கு. உங்கடைக்கு முன்பக்கம் முழுக்க வேற. பூட்ட ஏலாது."

"கொஞ்சம் வெட்டி ஒட்டினால்...?"

"ஒட்டலாம். ஆனால் றோட்டில ஓட ஏலாது. குட்டாஹ்டன் வேணும். இந்தச் சாமான் இந்த வாகனத்துக்குப் பொருந்தும் எண்டு எழுதின பத்திரம். அது இல்லாட்டி இன்சூரன்சும் இல்லை, ஒண்டும் இல்லை."

"சும்மா உயர்த்துவதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டதால்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கவிதா ஒரு கைவிளக்கைப் பிடித்து அடியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கண்டபடி உயர்த்தினால் முன்சில்லின் தலை வெளியே சாயும். சாய்ந்தால் ரயரின் ஓரம் தேயும். பிரேக் குழாய் இழுபடும். முன்விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். வண்டியைக் கொழுவுகிற கொக்கி மேலே போகும். பின்னால் வருகிற சமையல் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடும். இவ்வளவும் அவள் தாளைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு அங்குலத்துக்குப் பின்னால் இத்தனை கணக்கா? உயரம் என்றால் உயரம் மட்டும்தான் என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தேனே!

"பிடி வேணும் எண்டால் ரயரைப் பாருங்கோ அங்கிள். எவ்வளவு தூக்கினாலும் இழுக்கிறது அந்த ரெண்டு சில்லும்தான்."

கடைசியில் தெரிவு இதுதான். இரண்டு சில்லில் இழுக்கும் வாகனத்துக்கென்றே செய்த ஸ்பிரிங், முன்னுக்கு மட்டும் இரண்டு அங்குலம், பத்திரத்தோடு. பின்பக்கம் கை வைப்பதில்லை. ஆழமாக வெட்டிய ரயர் நான்கு. பூட்டிய பிறகு சில்லு நேர் பார்த்து, விளக்கைத் தாழ்த்தி, பரிசோதகர் வந்து பார்த்து வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எல்லாம் சரி.

சரியில்லாதது மச்சான் மட்டும்தான்.

"உன்ர கிட்டைப் பூட்டியாச்சு எண்டு சொல்லுவம்," என்றார் ஜெயம் அண்ணை. "அவன் குனிஞ்சு பார்க்கப் போறானோ?"

கவிதா சிரிக்கவில்லை. "பார்க்காட்டியும் வாகனத்தை ஓடிப் பார்க்கக் கேப்பார் அங்கிள். நாலும் இழுக்கும் எண்டு நம்பி ஈரத்துக்குள்ள விடுவார். அது வழுக்கினால், பின்னால கிடாரத்தோட உங்கட ஆக்கள் நிப்பினம்."

அண்ணை வாகனத்தின் பின்சில்லை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ரொறன்ரோவில் அப்போது காலை நேரம்.

"தம்பி, ஒரு விசயம். என்ர வாகனம் நாலு சில்லும் இழுக்கிறேல்லை. பின்சில்லு ரெண்டும்தான். நான் உனக்குச் சும்மா சொன்னனான். நீ அனுப்பினது பொருந்தாதாம்."

அண்ணையின் காது சிவந்துவிட்டது.

"அத்தான்..." மச்சானின் குரலில் கேலி இல்லை. "அந்தப் பெரிய சமையல் வண்டியை இவ்வளவு காலமும் ரெண்டு சில்லிலயோ இழுத்தனீங்கள்? அம்மாளே! என்னெண்டு அத்தான்?"

என்னெண்டு என்பதை ஜெயம் அண்ணை அரை மணித்தியாலம் விளக்கினார். குளிர்காலம், மேட்டு றோட்டு, கல்யாண வீடுகள் எல்லாம் வந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை.

நான்கு சில்லும் இழுக்கும் என்று சொன்ன அன்று மச்சானின் பதில் "ஓ, நல்லம்" மட்டும்தானாம்!