அடுப்பு தமிழ்நாட்டில், வழக்கு நெய்யாற்றின்கரையில்

அன்று காலை ஸ்டீபன் சித்தப்பா செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதைத்தான் முதலில் கவனித்தேன். மூன்று வருடங்களாக அவர் செருப்போடுதான் வருவார். "இது எனக்க வீடும் ஆக்கும்" என்பார். வெறுங்கால்களைப் பார்த்ததும், காரக்கோணம் ஆஸ்பத்திரியில் மாமி போய்விட்டார் என்று புரிந்துவிட்டது.

ரோஸம்மாள் மாமி என் தாய்மாமாவின் மனைவி. ஸ்டீபன் மாமியின் தம்பி, எனக்கு முறைக்குச் சித்தப்பா. என் பெற்றோரும் மாமாவும் இறந்த பிறகு எனக்கு இருந்தவர் மாமி ஒருவரே. ஒன்பதாம் வகுப்போடு வீட்டிலிருந்துவிட்ட என்னிடம், ஏன் வாயே திறப்பதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இருவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

பாறசாலைக்கு அருகே வீடும் மனையும் சேர்ந்த எங்கள் புரையிடம் மாநில எல்லைமேல் கிடக்கிறது. வீடு தமிழ்நாட்டில், பின்பக்கத்துக் கக்கூஸும் கோழிக்கூடும் கேரளத்தில். இடத்துக்குச் சொந்தக்காரரான மாமியின் அப்பா மூன்று வருடங்களுக்கு முன் உயில் எழுதாமல் இறந்ததும், எல்லாவற்றையும் விற்றுப் பாகம் தரவேண்டும் என்று சித்தப்பா கேரளத்து நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழக்குப் போட்டார். தமிழ்நாட்டுக் குழித்துறை கோர்ட்டில்தான் நடக்கவேண்டும் என்று மாமி நின்றார். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது.

"வாசிக்கத் தெரியாத எழுத்துல எனக்க வீட்டப் பறிச்சா, பறிச்சதுகூட எனக்குத் தெரியாதே" என்றார்.

சொத்தில் ஒரு துண்டு கேரளத்தில் இருந்தாலே போதும், நெய்யாற்றின்கரையிலேயே முழு வழக்கையும் விசாரிக்கலாம் என்று மாமியின் வக்கீல் விளக்கினார். மாமி வீட்டுக்கு வந்து கோழிகளைச் சமையலறையில் அடைத்தார். கக்கூஸைப் பூட்டினார். அது எங்களுடையதே அல்ல என்று பதில் மனு கொடுத்தார்.

இடத்தைப் பார்க்கக் கோர்ட் ஒரு இளம் வக்கீலம்மாவைக் கமிஷனராக அனுப்பியது.

"அந்தக் கக்கூஸ் யாருடையது?"

"யாருக்கதோ, ஆருக்குத் தெரியும்? சாயா குடியுங்கோ" என்றார் மாமி.

சர்வேயர் நாலு மணி நேரம் அளந்தார். கமிஷனர் அம்மா அதற்குள் மூன்று சாயா குடித்துவிட்டார். கடைசியில் தனியாக என்னிடம் வந்து, "மோளே, பாத்ரூம் எவிடெயா?" என்று மெல்லக் கேட்டார். தெரியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடுப்படி ஆணியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினேன்.

சாவி பிரதிவாதியின் அடுப்படியில் இருந்தது என்று கமிஷனர் அம்மா அறிக்கையில் எழுதிவிட்டார். வழக்கு நெய்யாற்றின்கரையில் நிலைத்தது. நான் இரண்டு நாள் மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ள எவ்வளவு நேரந்தான் அடக்கும் மக்கா? மூணு சாயா குடுத்தது நானாக்கும்" என்று அவரே சிரித்துவிட்டார்.

அதன் பிறகு வாய்தா நாட்களில் அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மலையாளக் காகிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டியவர் வழக்குப் போட்ட சித்தப்பாதான்.

"எலே, கள்ளம் வாசிக்காதே."

"எனக்க வக்கீலு எழுதினதாக்கும் அக்கா. கள்ளம் அதுலேயே உண்டு. நான் வேற சேக்கணுமா?"

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகும் சித்தப்பா போகவில்லை. மாமி தன் பாகத்தை எனக்கு உயில் எழுதியிருப்பது அவருக்கும் தெரியும்.

"வியாழக்கிழமை கேஸ் உண்டு. நீ வந்து அக்காக்க எடத்துல உனக்க பேரு சேக்கலேண்ணா வீடு எனக்காக்கும். பொறவு சொல்லலேண்ணு சொல்லப்பிடாது" என்றார். அப்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

மாமி, நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். இனி பேசவேண்டியது என் பாடு.

வியாழக்கிழமை கோர்ட்டில் மாமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, "மாமி மரிச்சுப் போனாவ. நான் வந்திருக்கேன்" என்றேன்.