நிழலை வெட்டச் சொன்ன இணையதளம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காடு கடைவீதியில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு தளங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிடித்த இணையப் பக்கங்களை ஊருக்கெல்லாம் தெரியும்படி சேமித்து வைக்கும் தளங்கள் அவை. ஒன்றில் கடைசியாகப் போட்டது மேலே கிடக்கும். அதைக் குப்பைமேடு என்று ஒதுக்கினேன். மற்றதில் அதிகம் பேர் சேமித்தது மேலே வரும். ஈ மொய்த்த இடத்திலேயே இன்னும் ஈ மொய்க்கும் கதைதான். அதை நான் அறிவு என்று நம்பினேன்.

நாகலூரில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருந்த நண்பர், தண்டுக்குள் புழு துளைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அந்த இரண்டாவது தளத்தில் காப்பி என்று தேடி, உச்சியில் வந்த பக்கத்தைப் பார்த்து, செடிகளுக்கு நிழல் தரும் மரங்களை வெட்டச் சொன்னேன்.

"வெயில் பட்டா புழு நொம்ப ஆயிருமுங்களே."

"இத்தன பேரு சேமிச்சிருக்காங்க. தப்பா இருக்குமாங்க?"

வெட்டினார். அடுத்த வருடம் பாதித் தோட்டம் பட்டுப்போனது. பிடுங்கிப் போட்ட செடிகளுக்கு நடுவே நின்று கேட்டார்: "ஏனுங்க, அத்தன பேருல ஒருத்தராச்சும் காப்பிச்செடி வெச்சிருப்பாங்களா?"

அந்தப் பக்கம் வேறு நாட்டில், புழுவுக்கு அல்ல, ஏதோ இலை நோய்க்கு எழுதப்பட்டது என்று பிறகுதான் பார்த்தேன். சேமித்த கும்பல் அதைப் படித்திருக்காது. நானும் முழுதாகப் படிக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.