இறுகாத இனிப்பு

அன்னாசி விளையும் தாயெட் ஊர்ப் பக்கத்தில் டின் அன்னாசி வாங்குகிறவளை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். வீட்டைச் சுற்றி அன்னாசிக் காடு, இதில் காசு கொடுத்து டின் வாங்குவாளா ஒருத்தி? நெனிட்டாவும் நாற்பத்தொன்பது வயது வரை வாங்கியதில்லை. அவள் புருஷன் டோமெங் அன்னாசி பயிரிடுகிறவன். தன் பழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தானென்றால் இலையில் சோறு ஆறிப்போகும்.

எல்லாம் மணிலா சம்பந்தியம்மா அமாலியாவால் வந்த வினை. நெனிட்டாவின் மகள் லூர்திஸைப் பெண் கேட்டு வந்த அன்று, கடல்பாசி காய்ச்சிச் செய்த இனிப்பை ஒரு வாய் கடித்துவிட்டு, "எங்க வீட்ல ஜெலட்டின்தான் சம்பந்தி. இது கொஞ்சம் நறுக் நறுக்குன்னு இருக்கு, இல்ல?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஊர் விருந்துக்கெல்லாம் இனிப்புக் கிண்டுகிற நெனிட்டாவுக்கு அந்தச் சிரிப்புதான் சுருக்கென்று தைத்தது.

கல்யாணத் தேதி குறிக்க ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். அதற்குள் ஜெலட்டினிலேயே செய்து அந்த வாயை அடைத்தே தீருவது என்று முடிவு கட்டினாள்.

வியாழக்கிழமை, கடல்பாசியைப் போலவே ஜெலட்டின் தூளையும் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறியதும் தோட்டத்துப் பழத்தை நறுக்கிப் போட்டாள். இறுகவில்லை. கொதித்தது தப்போ என்று வெள்ளிக்கிழமை வெந்நீரில் பதமாகக் கரைத்தாள். அதுவும் இறுகவில்லை. சனிக்கிழமை காலை தூளை இரண்டு மடங்காகப் போட்டாள். பிரிட்ஜைத் திறந்தால் ஒரு சட்டி நிறையத் தண்ணீர்.

"என்னடி இது, சூப்பா?" என்றான் டோமெங்.

"பேசாம போயிரு. இல்ல, தூக்கி உன் தலையில ஊத்திருவேன்."

"கோவிக்காத நெனி. இன்னும் ரெண்டு பழம் வெட்டித் தரேன், போட்டுப் பாரு. எம்பழம் போட்டு எது கெட்டுப்போச்சு?"

அவன் போனதும் உட்கார்ந்து அழுதாள். பிறகு, தூக்கியெறிந்த ஜெலட்டின் அட்டைப்பெட்டியைக் குப்பையில் தேடியெடுத்து, பொடி எழுத்தை முதல்முறையாகப் படித்தாள். புது அன்னாசி சேர்த்தால் இறுகாது, டின் அன்னாசி சேர்க்கலாம் என்று போட்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். கெட்டி இறைச்சியை அன்னாசிச் சாற்றில் ஊறவைத்துப் பஞ்சாக்குகிறவள் அவள்தானே! தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினை மட்டும் அந்தப் பழம் சும்மா விடுமா?

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் இல்லாத அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போனாள். இரண்டு டின்னைக் கருவாட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். கள்ளச்சாராயம் கடத்துகிறவள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இனிப்பு தட்டில் மெத்தென்று நடுங்கியது. அமாலியா ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நெனிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடேயப்பா! தோட்டத்துப் பழம்னா தோட்டத்துப் பழம்தான்," என்று அமாலியா டோமெங்கின் பக்கம் திரும்பினாள். "டின் பழத்துல இந்த வாசம் வருமா சம்பந்தி?"

டோமெங்குக்குத் தலைகால் புரியவில்லை. "பழம்தானே எல்லாம்! கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்கும் இதே இனிப்புதான். நெனி, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. இருநூறு பழம் நானே அறுத்து, உன் பக்கத்துல உட்கார்ந்து நறுக்கித் தரேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நெனிட்டாவும் தட்டினாள்.