டிரைவுக்கு மேலே ஒரு கை அகலம்

நானும் என் கணவரும் சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கடலூருக்கு, கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போவோம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவைப் பேனலுக்குள் பொருத்தும்போது சூடு வெளியேற மேலே இடம் விடவேண்டும். அவர் டேப் எடுக்கமாட்டார். உள்ளங்கையை வைத்தே அளப்பார். 2008-இல் வேலைக்காக மஸ்கட் போய்விட்டார்.

மறுவருடம், டிரைவ் மாற்றுவதற்காக ஒரு பழைய பேனல் வந்தது. கதவைத் திறந்ததுமே அவர் மாட்டியது என்று தெரிந்துவிட்டது. டிரைவுக்கு மேலே விட்டிருந்த இடைவெளியில் என் கையை வைத்தேன். ஒரு விரல் அகலம் மிஞ்சியது.

“இன்னாம்மா, கைய எடுக்கவே மாட்டேங்குற?” என்றார் கூட வேலை செய்யும் செல்வி அக்கா.

“இடம் போதுமான்னு பாக்குறேங்கா.”

புது டிரைவ் சின்னது. பழைய துளையிலேயே மாட்டியிருக்கலாம்; மேலே இடம் கூடும், அவ்வளவுதான். மேலே இடைவெளி மாறக்கூடாதென்று புதுத் துளை போட்டேன்.

மாலையில் போனில் அவரிடம், “உங்க கை அகலத்த அப்படியே வச்சிருக்கேன்” என்றேன்.

எந்தப் பேனல் என்று அவர் கேட்கவில்லை. “லீவு கேட்டுருக்கேன்” என்றார்.

இன்றும் எந்தப் பேனலைத் திறந்தாலும் என் கை முதலில் அங்கேதான் போகிறது.